"இது எப்படி நிகழும்?"னு முதல்ல கேட்டது மாதா தான் – மறைக்கல்வி டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைப் பங்குகள்ல ஞாயிறு பூசை முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்கிற டீச்சருங்க, சிஸ்டருங்க, பிரதருங்க எல்லாருக்கும், அவங்களுக்கு மேல இருக்கிற ஃபாதருங்களுக்கும், காசிமேட்டுல இருந்து ஒரு அம்மா எழுதுறது. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் பெருசா படிச்சவ இல்ல, பன்னெண்டாவதோட நின்னுட்டேன், வீட்டுக்காரர் போட்டுக்குப் போறவர். எங்க அம்மா முப்பது வருஷம் கூடை தூக்கி மீன் வித்து எங்களை வளர்த்தாங்க. ராயப்பர் (இயேசுவோட சீடர் பேதுரு) பேர்ல தான் ராயபுரம்னு பேரே வந்துச்சுன்னு சொல்லி வளர்ந்த ஜனம் நாங்க, சாயந்திரம் ஜெபமாலை சொல்லாம எங்க வீட்டுல சோறு போட மாட்டாங்க. அதனால மாதாவைப் பத்தி யாராவது தப்பா சொன்னா எனக்குத் தாங்காது. இப்போ எழுதுறதும் அதுக்குத்தான், ஆனா தப்பா சொன்னது வெளி ஆள் இல்ல, நம்ம வகுப்புலயே சொல்லிட்டாங்க.

என் பொண்ணு உறுதிபூசுதலுக்கு கிளாஸ் போயிட்டிருக்கா, பதிமூணு வயசு. போன திருவருகைக் காலத்துல, அதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை கபிரியேல் தூதர் மாதாவுக்கு சேதி சொன்ன பாடம் நடந்திருக்கு. இவ எழுந்து "மாதா கன்னின்னா எப்படி குழந்தை பொறந்துச்சு"ன்னு கேட்டுட்டா. பசங்க சிரிச்சிட்டாங்க. எடுத்தவங்க கோவிச்சுக்கினு "இதெல்லாம் கேக்குறதே பாவம், நம்புறதுன்னா வாயை மூடிக்கினு நம்பணும்"னு சொல்லி உக்கார வச்சிட்டு, அதோட விட்டிருந்தா கூட பரவால்ல, "மாதா கெட்டுப்போகாம சுத்தமா இருந்ததால தான் கடவுள் அவங்களத் தேர்ந்தெடுத்தாரு, பொம்பளைப் பிள்ளைங்க நீங்களும் அப்படி இருக்கணும்"னு முடிச்சிருக்காங்க. எந்தப் பங்கு, யாருன்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒருத்தர் தப்பு இல்ல, என் சின்ன வயசுல எனக்கும் இதையேதான் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி நான் நெத்திலி ஆய்ஞ்சிக்கினு இருந்தேன், எங்க அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க, இவ வந்து மெதுவா கேக்குறா, "அப்போ நீ கெட்டுப்போனவளாம்மா? ஆயாவும் கெட்டுப்போனவங்களா?" எங்க அம்மா ஒண்ணுமே பேசல, கையில இருந்த ஜெபமாலையை மடியில வச்சிக்கினு அவளையே பாத்தாங்க. அஞ்சு பெத்து, ரெண்டைப் பறிகொடுத்து, எங்கப்பா கடலோட போனதுக்கப்புறம் தனியா நின்னு காப்பாத்துன பொம்பளை. அந்த மூஞ்சியைப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல ஃபாதர். அதுக்கப்புறம் தான் பைபிளையும், திருச்சபை போதனையைத் தொகுத்து வச்சிருக்கிற மறைக்கல்வி ஏட்டையும் எடுத்து நானே உக்காந்து படிச்சேன், தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். படிக்கப் படிக்க, நம்ம திருச்சபை சொல்றது ஒண்ணு, வகுப்புல பிள்ளைங்க காதுக்குப் போய்ச் சேர்றது வேற ஒண்ணுன்னு புரிஞ்சுது.

முதல்ல அந்தக் கேள்வி. லூக்கா 1-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனம், "இது எப்படி நிகழும்? நான் கன்னி ஆயிற்றே!" கேட்டது யாரு, மாதா. என் பொண்ணு கேட்ட அதே கேள்வி, இளம்பொண்ணா இருந்தப்போ மாதா கேட்டது. தூதர் "வாயை மூடு"ன்னு சொன்னாரா? "தூய ஆவி உம்மீது வரும், உன்னத கடவுளின் வல்லமை உம்மேல் நிழலிடும்"னு பதில் சொன்னாரு, அதோட நிக்காம "உங்க உறவுக்காரி எலிசபெத்தைப் பாரு, வயசான காலத்துல ஆறாம் மாசம்"னு ஆறுதலுக்கு ஒரு அடையாளமும் குடுத்தாரு. அதே அதிகாரத்துல எலிசபெத்தோட வீட்டுக்காரர் செக்கரியா வாயடைச்சுப் போறாரே, அவர் கேட்டது வேற, "இது நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்"னு அத்தாட்சி கேட்டாரு. மாதா நம்பிட்டு, நம்புனது எப்படி நடக்கும்னு புரிஞ்சிக்கக் கேட்டாங்க. கேட்டு, பதில் வாங்கி, அதுக்கு அப்புறம் தான் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்"னாங்க. மூவேளை செபத்துல தினம் மூணு தடவை நாம சொல்றது அந்த சம்மதத்தைத் தானே. கேள்வி கேட்ட பொண்ணோட சம்மதம் அது.

சரி, மாதா ஏன் கன்னியா இருந்து பெத்தாங்க? இதுக்கு மறைக்கல்வி ஏடு (1992-ல வந்தது) 502-ஆம் பத்தியில இருந்து 507 வரைக்கும் பதில் சொல்லுது. நான் திரும்பத் திரும்ப படிச்சுட்டேன், அதுல எங்கயும் கல்யாணம் அசிங்கம், பிள்ளை பெத்தா அழுக்குன்னு ஒரு வரி கிடையாது. முதல் காரணமா அது சொல்றது, மீட்புங்கிறது முழுக்க முழுக்கக் கடவுளே தொடங்குன வேலை, இயேசுவுக்குத் தகப்பன் கடவுள் ஒருத்தர் தான். மனுஷன் திட்டம் போட்டு, மனுஷன் பலத்துல வந்த பிள்ளை இல்ல, மேல இருந்து குடுத்த பிள்ளை. அவ்வளவு தான் விஷயம், ஆனா இந்த "அவ்வளவு" எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க ஊர்ல வச்சே சொல்றேன். வலை பின்னுறது நம்ம கை, போட் ஓட்டுறது நம்ம கை, டீசல் போடுறது நம்ம காசு, ஆனா மீன் வர்றது மட்டும் நம்ம கையில இல்ல, எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சில நாள் வெறும் வலையோட தான் திரும்பணும். பைபிள்லயும் வெறும் வலை மாதிரி நின்ன பொம்பளைங்க கதை தான் வரிசையா வருது. சாரா, அன்னா, எலிசபெத்து, எல்லாரும் பிள்ளை இல்லாம பேச்சு வாங்குனவங்க, கடவுள் குடுத்தாரு. அந்த வரிசையோட உச்சத்துல மாதா வர்றாங்க. சாராவுக்கு வயசு போயிடுச்சு, ஆனா ஆபிரகாம் இருந்தாரு. மாதா விஷயத்துல அந்த மனுஷக் காரணமும் இல்ல. ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து கடவுள் ஆரம்பிக்கிறாரு, ஆதியாகமத்துல தண்ணி மேல ஆவி அசைஞ்சதே அது மாதிரி. அந்த சிஸ்டர் சொன்னாங்க, "நிழலிடும்"ங்கிற அந்த கிரேக்க வார்த்தை, விடுதலைப் பயணம் கடைசி அதிகாரத்துல சந்திப்புக் கூடாரத்து மேல மேகம் தங்குனதைச் சொல்ற இடத்துலயும் வருதாம், பழைய கிரேக்க பைபிள்ல. கூடாரத்துக்குள்ள ஆண்டவரோட மாட்சி நிறைஞ்ச மாதிரி ஒரு ஏழைப் பொண்ணோட வயித்துக்குள்ள நிறைஞ்சுது. இதை என் பொண்ணுக்கு நான் சொன்னப்போ அவ கண்ணு விரிஞ்சுச்சு டீச்சர், பிள்ளைங்களுக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க.

இந்த "நிழலிடும்"ங்கிற வார்த்தை இன்னொரு கேள்விக்கும் பதில். எங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல எல்லா ஜாதி மதப் பிள்ளைங்களும் இருக்காங்க, "உங்க மாதா கதை எங்க குந்தி கதை மாதிரியா"ன்னு கேட்டிருக்கு ஒரு பிள்ளை. அது கிண்டல் இல்ல, தெரிஞ்சுக்கக் கேட்டது, அதுக்கு நம்ம பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியல. யார் கதையையும் குறைச்சுப் பேசாம இதைச் சொல்லிக் குடுக்கலாமே, சுவிசேஷத்துல கடவுள் ஆண் உருவத்துல வந்து சேர்றது இல்ல, ஆண் இடத்துல கடவுளை வைக்கிறது இல்ல நம்ம விசுவாசம், படைச்சவர் படைக்கிறாரு, அவ்வளவு தான். கீழ்வீட்டு முஸ்லிம் அக்கா இன்னொண்ணு சொன்னாங்க, அவங்க குர்ஆன்ல மர்யம்னு ஒரு அத்தியாயமே இருக்கு, அதுலயும் மர்யம் "எந்த ஆம்பளையும் என்னைத் தொடாதப்போ எனக்கு எப்படிப் பிள்ளை"ன்னு கேக்குறாங்க, அவங்களும் கன்னியிடம் பொறந்தாருன்னு நம்புறாங்க, ஆனா ஈசாவை இறைமகன்னு ஏத்துக்கிறதில்ல. அதைக் கேட்டப்போ தான் எனக்கே உறைச்சுது. கன்னியிடம் பொறந்தாருங்கிறதை மட்டும் ஒரு அற்புதமா சொல்லி நிறுத்திட்டா நம்ம விசுவாசத்தைப் பாதி தான் சொன்ன மாதிரி. பொறந்தது யாருங்கிறது தான் முக்கியம். 431-ல ஆயருங்க கூடுன எபேசு சங்கத்துல மாதாவை "கடவுளின் தாய்"னு உறுதியா சொன்னாங்களே, அது மாதாவுக்குக் குடுத்த பட்டம்ங்கிறதை விட, வயித்துல இருந்தவர் கடவுள்னு அறிக்கை பண்ணது.

இதுல சுறா கதை ஒண்ணு, அதையும் சொல்லிடறேன். ஒரு வகுப்புல "சுறா கூட ஆண் இல்லாம குட்டி போடுது, சயின்ஸே நிரூபிச்சிடுச்சு"ன்னு வாட்ஸ்அப்ல வந்ததைக் காட்டியிருக்காங்க. காசிமேட்டுப் பிள்ளைங்களுக்கு சுறான்னா குஷி தான். அமெரிக்காவுல ஒரு தொட்டியில அப்படி நடந்தது நிஜம், 2007-ல ஆராய்ச்சி பண்ணி உறுதிப்படுத்துனாங்க. ஆனா அந்தக் குட்டி தாயோட மரபணுவை மட்டும் வச்சு வந்த பெண் குட்டி. அதை வச்சு இயேசு பொறப்பை நிரூபிக்கப் பாக்குறது, அப்பனே இல்லாத இயற்கை விபத்துன்னு சொல்ற மாதிரி ஆயிடும், திருச்சபை ஒருநாளும் அப்படிச் சொல்லல. தயவு செஞ்சு அந்த ஃபார்வர்டை விட்டுடுங்க.

இப்போ எனக்கு ரொம்ப வலிக்கிற இடத்துக்கு வரேன். "கெட்டுப்போகாம இருந்தாங்க, அதனால தேர்ந்தெடுத்தாரு"ங்கிற பேச்சு.

மத்தேயு முதல் அதிகாரத்தை எடுங்க, பிள்ளைங்க சலிச்சுக்கிற அந்தப் பேர் பட்டியல். இவர் மகன் இவர், இவர் மகன் இவர்னு ஆம்பளைங்க பேராவே போயிட்டிருக்கும், நடுவுல நாலு பொம்பளைங்க. தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. தெருவுல நாலு பேர் நாலு விதமா பேசக்கூடிய கதை இந்த நாலு பேருதும். தாமார் மாமனார்கிட்ட பிள்ளை பெத்தவ, ராகாபு விலைமகள், ரூத்து வேத்து ஜாதி விதவை, உரியா பொண்டாட்டியை ராஜாவே அபகரிச்சான். இவங்க எல்லாரையும் இயேசுவோட வம்சத்துல பேர் சொல்லி எழுதிட்டு, அஞ்சாவதா மரியான்னு எழுதுறாரு மத்தேயு, அங்க தான் "இவருக்கு இவர் மகன்"ங்கிற ஓட்டம் நின்னு போய் மரியாவிடம் பொறந்தவர் இயேசுன்னு மாறுது. பொம்பளையை சுத்தம், அசுத்தம்னு பிரிக்கிறது தான் கன்னிப்பிறப்போட அர்த்தம்னா, அந்த நாலு பேரை அதே பக்கத்துல எழுத வேண்டிய அவசியம் என்ன?

அது மட்டுமா, மாதாவே பேச்சு வாங்கக்கூடிய நிலைமையில தான் இருந்தாங்க. நிச்சயம் ஆயிடுச்சு, இன்னும் சேர்ந்து வாழல, வயித்துல பிள்ளை. இணைச்சட்டம் 22-ல நிச்சயமான பொண்ணு வேற ஆளோட போனா கல்லால அடிச்சுக் கொல்லச் சொல்லியிருக்கு. மாதாவுக்கு நிச்சயமான சூசையப்பர் நேர்மையானவர், அவமானப்படுத்தாம மறைவா விலக்கிடலாம்னு தான் முதல்ல நினைச்சாரு, அப்புறம் கனவுல தூதர் சொன்னதும் கூட்டிக்கினு போனாரு. அந்தப் பொண்ணு "ஆகட்டும்"னு சொன்னது சொகுசா உக்காந்துக்கினு சொன்னது இல்ல, உயிரைப் பணயம் வச்சு சொன்னது. எங்க தெருவுல கல்யாணத்துக்கு முன்னாடி வயித்துல வாங்கிட்டான்னு ஒரு பொண்ணை கோயில் பக்கமே வர விடாம பேசியே விரட்டுனாங்க, மாதா படத்தை வீட்டுல மாட்டி வச்சிருக்கிறவங்களே. அந்தப் பொண்ணு கேஸ் வேற, மாதா வேற, எனக்குத் தெரியும். ஆனா மாதா முன்னாடி நின்னு அழறதுக்கு அவளுக்கு இருக்கிற உரிமையை யார் எடுக்க முடியும், ஊர் கண்ணு எப்படிக் குத்தும்னு மாதாவுக்குத் தெரியாதா?

கல்யாணம் ஏழு அருளடையாளத்துல ஒண்ணு. சிஸ்டர் எனக்குக் காட்டுன ஒரு விஷயம், 4-ஆம் நூற்றாண்டுலயே, இப்போ துருக்கின்னு சொல்ற நாட்டுல கங்ராங்கிற ஊர்ல ஆயருங்க கூடி, கல்யாணத்தை இழிவா பேசுறவங்களையும், ஆண்டவருக்காக கன்னியா வாழ்ந்துக்கினு கல்யாணம் ஆனவங்களைத் திமிரா பாக்குறவங்களையும் சபைக்கு வெளியன்னு தீர்ப்பு சொல்லியிருக்காங்க. கிட்டத்தட்ட 1,700 வருஷம் முன்னாடி! நாம இன்னும் பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட அம்மாவையும் ஆயாவையும் கெட்டுப்போனவங்கன்னு நினைக்க வைக்கிறோம்.

பிப்ரவரி 2-ஆம் தேதி மெழுகுதிரி பவனி வைக்கிறோமே, அதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. குழந்தை பொறந்து நாப்பதாம் நாள் மாதா எருசலேம் கோயிலுக்குப் போனாங்க, மோசே சட்டப்படி. ஆட்டுக்குட்டி குடுக்க வசதி இல்லாதவங்க குடுக்கிற ரெண்டு புறாவைத் தான் குடுத்தாங்க. முன்ன அந்த நாளுக்கு மாதாவோட சுத்திகரத் திருநாள்னு தான் பேரு, பிள்ளை பெத்தவங்க கோயிலுக்கு வந்தா தனியா ஒரு சடங்கும் பண்ணுவாங்கன்னு எங்க ஆயா சொல்லியிருக்காங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் அந்த நாளை ஆண்டவரைக் காணிக்கையாக்கின விழான்னு தான் சொல்றோம், ஞானஸ்நானத்துல தாய்க்கு ஆசீர்வாதமே குடுக்கிறாங்க. திருச்சபை தீட்டுப் பேச்சுல இருந்து வெளிய வந்தாச்சு, நாம தான் தெருவுல இருந்து அதைத் திரும்ப உள்ள தூக்கிக்கினு வரோம். 1964-ல அந்தச் சங்கம் சொன்ன வார்த்தை கூட, இயேசு பொறந்தது தாயோட கன்னிமையைக் குறைக்கல, அதைப் புனிதப்படுத்துச்சுங்கிறது தான். அதுல எங்க பொம்பளை உடம்பு மேல வெறுப்பு இருக்கு?

இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு, பெரிய பிள்ளைங்க மொபைல்ல பாத்துட்டு வந்து கேப்பாங்க. எங்க அக்கா பையன் காலேஜ் போனதும் யூடியூப்ல ஒண்ணு பாத்தான், எசாயா 7:14-ல எபிரேயத்துல கன்னின்னே இல்ல, "அல்மா", இளம்பெண்ணுன்னு தான் இருக்கு, ஏமாத்திட்டாங்கன்னு. அன்னில இருந்து பூசைக்கு வரல. அவன் கேட்டது உண்மை, அதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அவனுக்கு அதிர்ச்சி இருந்திருக்காது. எபிரேயத்துல இளம்பெண் தான். இயேசுவுக்கு முன்னாடியே யூதருங்களே கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்போ கன்னின்னு போட்டாங்க, மத்தேயு அதைத் தான் எடுத்துக்கிட்டாரு. லூக்கா அந்த வசனத்தை எடுத்துக்காட்டவே இல்ல, ஆனாலும் மாதா கன்னின்னு தான் சொல்றாரு. அப்போ ஒரு வார்த்தையைத் தப்பா படிச்சுக் கட்டுன கதை இல்லல்ல இது? 110 வாக்குல சிங்கத்துக்குப் போட ரோமுக்கு இழுத்துக்கினு போனாங்களே அந்தியோக்கியா இஞ்ஞாசியார், போற வழியில எபேசியருக்கு எழுதுன கடுதாசில மாதாவோட கன்னிமையைப் பத்தி எழுதியிருக்காரு. சாகப் போற மனுஷன் வழியில நின்னு எழுதுனது.

இன்னொண்ணு இயேசுவோட சகோதரர்கள். பெந்தகோஸ்தே வீட்டுக்காரங்க கேப்பாங்க, மாதாவுக்கு வேற பிள்ளைங்க இருந்தாங்களேன்னு. தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப ஈஸியா புரியணும், என் சித்தப்பா பையன் எனக்குத் தம்பி தான், யாராவது "நிஜத் தம்பியா"ன்னு கேட்டா தான் விளக்குவோம். மத்தேயு 13-ல யாக்கோபு, யோசேப்புன்னு பேர் வருது, 27-ல சிலுவையைத் தூரத்துல நின்னு பாக்குற வேற ஒரு மரியாவை யாக்கோபு, யோசேப்போட தாய்னு சொல்லுது. மத்தேயு 1:25-ல மகனைப் "பெற்றெடுக்கும்வரை" சூசையப்பர் மாதாவோட கூடி வாழலன்னு இருக்கேன்னா, 2 சாமுவேல் 6-ல தாவீது மனைவி மீக்காளுக்கு சாகுற வரைக்கும் பிள்ளை இல்லன்னு எழுதியிருக்கு, செத்தப்புறம் பெத்தாங்கன்னு யாரும் படிக்க மாட்டோம்.

அமல உற்பவத்தையும் கன்னிப்பிறப்பையும் குழப்பாதீங்க, அது முக்கால்வாசி பேர் குழப்புறது. பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு வருஷா வருஷம் போற நம்ம ஜனத்துலயே கேட்டுப் பாருங்க. அமல உற்பவம்னா மாதா தன் தாய் வயித்துல கருவானப்பவே ஜென்மப் பாவம் இல்லாம கடவுள் காத்தாரு, 1854-ல பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதை அறிக்கை பண்ணாரு, நாலு வருஷம் கழிச்சு லூர்துல பெர்னதெத்துகிட்ட மாதா அந்தப் பேரையே சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்கும் அப்போ பதினாலு வயசு தான், ஏழை வீட்டுப் பொண்ணு, பெரியவங்க எல்லாம் மிரட்டி விசாரிச்சாங்க, அவ பாத்ததைத் தான் சொன்னா. "தேர்ந்தெடுத்தது சுத்தமா இருந்ததால"ங்கிற பேச்சுக்கும் இதுல பதில் இருக்கு. மாதா நல்லவங்களா இருந்து சம்பாதிச்சது இல்ல, பொறக்குறதுக்கு முன்னாடியே கடவுள் குடுத்தது. "அருள்மிகப் பெற்றவரே"ன்னு தானே தூதர் கூப்பிட்டாரு, பெற்றவரேன்னு.

நான் கேக்குறது இவ்வளவு தான். அடுத்த திருவருகைக் காலத்துக்கு முன்னாடி டீச்சர்களுக்கு ஒரு நாள் உக்கார வச்சு இந்தப் பாடத்தை மட்டும் எடுங்க ஃபாதர், படிச்ச சிஸ்டருங்க நம்ம பக்கமே இருக்காங்க. பிள்ளை பெத்த அம்மாங்க ரெண்டு பேரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்க, நான் வரேன், கூப்பிட்டா எங்க அம்மாவும் வருவாங்க. "கெட்டுப்போன"ங்கிற வார்த்தையை எந்தப் பிள்ளை முன்னாடியும் மாதா பேரோட சேர்த்துச் சொல்லாதீங்க. தெரியாத கேள்வி வந்தா "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

என் பொண்ணு அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கிளாஸ் போக மாட்டேன்னுட்டா. மூணாவது வாரம் எங்க அம்மா தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு போய் விட்டாங்க, போற வழியில மாதா கெபியாண்ட நின்னு மெழுகுதிரி ஏத்தி, "நீ கேட்டதை இவங்களும் கேட்டாங்கடி, நீ போய் மறுபடி கேளு"ன்னு சொன்னாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமையும் வருவா, முன் பெஞ்சுல தான் உக்காருவா. கை தூக்குனா கூப்பிடுங்க டீச்சர்.

இப்படிக்கு,
காசிமேட்டுல இருந்து, உங்க வகுப்புல படிக்கிற ஒரு பிள்ளையோட அம்மா